இருபத்தொன்பது மில்லிமீற்றர்

வாயைத் திறவுங்கள் என்றேன்.
திறந்தார் அபூசாலி.
கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலிருந்து
வந்தது சத்தம்:
டிக். டிக்.
கைக்கடிகாரம் விழுங்கின மனுசன் என்று
கிண்ணியாப் பிள்ளைகள் இவரைச் சொல்வார்களாம்.
ஒப்பரேஷன் முடிந்த முதல் மாதம்
மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு
குசினியில் போய்ப் படுத்த கதையையும்
சொல்லிச் சிரித்தார்.
சிரிப்புக்குள்ளும் டிக்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
திருகோணமலை ஆஸ்பத்திரியின் நீள வாங்கில்
இரத்தத்தை இளக்கும் குளிசைக்காரர்
இருபத்திமூன்று பேர்.
முருங்கையிலை, பொன்னாங்காணி,
எதை எவ்வளவு தின்னலாம் என்று
ஒவ்வொருவரிடமும் கத்திக்கொண்டிருந்தாள் தாதி.
வெளியே வேலியோரம் ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த பாண்துண்டை முகர்ந்தது.

நான் மைக்கோடு வந்தவள்.
வால்வில் இரத்தக்கட்டி படியத் தொடங்கினால்
முதலில் சத்தம் மங்கும்.
வைத்தியரின் காதுக்கு முன்
இயந்திரத்துக்கு அது பிடிபடுமா என்பது
ஓய்வுக்கு முந்திய என் கடைசிக் கேள்வி.
கடைசி மானியமும் அதுதான்.

முப்பத்திரண்டு வருடம்
இதயத்தின் கதவுகளோடு கழிந்தது.
இதயத்தோடு அல்ல.
கண்ணாடிக் குழாய், கிளிசரின் கலந்த உப்புநீர்,
நிமிடத்துக்கு ஆயிரம் தரம் திறந்து மூடும்
இரண்டு அரைவட்டக் கரித்தகடுகள்.
நாற்பது கோடி தடவை தாங்கினால்தான்
நெஞ்சுக்குள் போக அனுமதி.
என்னுடைய நான்காம் வடிவம்
முப்பத்தொரு கோடியில் நின்றது,
ஏழு மாதம் இரவும் பகலும் ஓடி,
ஒரு ஞாயிறு விடிய,
ஆய்வுகூடத்தில் யாருமில்லாத நேரம்.
கீலில் மயிரிழை விரிசல்.
நுணுக்குக்காட்டியில் அது
அழகாய்த்தான் இருந்தது,
வரைபடத்தில் மகாவலி
கொட்டியாரக் குடாவில் கிளைபிரிவதுபோல.

அதற்கு முன் ஆடுகள்.
பதினேழாம் இலக்கச் செம்மறி
என் மூன்றாம் வடிவத்தோடு
ஐந்து மாதம் புல் தின்றது.
அதன்பிறகு நான் இறைச்சி வாங்குவதில்லை.
காரணம் கேட்டால் கொலஸ்ட்ரோல் என்பேன்.

அறுபத்தெட்டுக் கட்டுரைகள்.
நான் உருவாக்கிய கலாநிதிகள் ஒன்பது பேர்;
நாலு பேர் இப்போது கம்பெனிகளில்.
நான் செய்த கதவு
ஒரு மனிதருக்குள்ளும் திறந்ததில்லை.
மேடையில் என்னை அறிமுகம் செய்பவர்கள்
இதைச் சொல்வதில்லை.

அபூசாலியின் அட்டையை வாங்கிப் பார்த்தேன்.
மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுநாடா ஒட்டியிருந்தது.
அளவு இருபத்தொன்பது.
கம்பெனி, எனக்குத் தெரிந்த பெயர்.
நான் விரிசலை அளந்துகொண்டிருந்த வருடம்
என்னை முந்திப் போனவர்கள்.
அவர்களின் கீல் வளைவு எனக்கு மனப்பாடம்.
பொறாமையில் படித்தது மறப்பதில்லை.

“கேக்குதா டொக்டர்?”
நான் டொக்டர் இல்லை, எஞ்சினியர்.
“அப்ப நம்மட ஆள்!”
படகு எஞ்சின் திருத்துகிறவர்.
பதினைந்து குதிரைவலு எஞ்சினுக்கு
என்ன வருத்தமென்று
சத்தத்திலேயே பிடிப்பாராம்.
ஒரு விரலை மடக்கி, நீட்டி, மடக்கிக் கேட்டார்:
“இது தேஞ்சா கீல்லதான் தேயும், என்ன?”

ஆறு வருடம்.
இரண்டு மானியம்.
ஒரு விவாகரத்து,
அதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதா தெரியவில்லை.
“ஓம்,” என்றேன். “கீலில்தான்.”

முப்பது செக்கன் பதிந்தேன்.
திரையில் முள்முள்ளாய் எழும்பியது அவர் நெஞ்சு.
அதற்குக் கீழே அகலமாய், சோம்பலாய்
இன்னொரு கோடு.
மதிலுக்கு அப்பால் கடல்.
வெட்டிவிட வேண்டியது. பிறகு பார்க்கலாம்.

எழும்பிச் சாரத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார்:
“இது நிண்டா எனக்குக் கேக்காது, மிஸ்.
பக்கத்தில படுக்கிறவளுக்குத்தான் கேக்கும்.
அதான் அவள் இப்ப குசினியை விட்டுத்
திரும்பி வந்திட்டாள்.”

அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.
தாதி அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.